குழாய் இன்னும் தேவையா?

வாசகர் கேள்வி – பதில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கதீட்டர் (உடலுக்குள் செலுத்தி வைக்கும் மெல்லிய குழாய்) வழியாக வரும் தொற்றுகளைப் பற்றி இந்த முறை கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை செவிலியர்களிடமிருந்தும், ஒன்றிரண்டு நோயாளிகளின் குடும்பத்தாரிடமிருந்தும் வந்தவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்துக்குள் செல்லும் கதீட்டர்) போட்டபோது உதவிக்கு நின்றவள் நான். தொப்பி, முகக்கவசம், ஸ்டெரைல் கவுன், தலை முதல் கால் வரை விரிக்கும் ஸ்டெரைல் துணி என ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் 11-ஆம் நாள் காய்ச்சல் கண்டு, ரத்த கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) கிருமி வளர்ந்துவிட்டது. நாங்கள் எங்கே தவறினோம்?

பதில்: லைன் போட்ட அன்று தவறியிருக்க வாய்ப்புக் குறைவு. அதற்குப் பிந்தைய 10 நாட்களில் தேடிப் பாருங்கள்.

சென்ட்ரல் லைனுக்குள் கிருமி நுழைய முக்கியமாக இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது வெளிப்பாதை: குழாய் தோலைத் துளைத்துச் செல்லும் இடத்தில், தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் குழாயின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. லைன் போட்ட முதல் சில நாட்களில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை இந்த வகை. நீங்கள் சொன்ன கவுனும் விரிப்பும், தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினும் தடுப்பது இதைத்தான். இரண்டாவது உள்பாதை: மருந்து ஏற்றுவதற்காக நாம் திறந்து மூடும், குழாயின் வெளிமுனையான ஹப் வழியாகக் கிருமி குழாயின் உட்புறத்துக்குப் போகிறது. ஏறத்தாழ 10 நாட்களைத் தாண்டிய லைன்களில் இந்த இரண்டாவது பாதையே மேலோங்குகிறது. உங்கள் நோயாளிக்கு 11-ஆம் நாள் காய்ச்சல் வந்தது என்பதால் என் சந்தேகம் ஹப்பின் மீதுதான் விழுகிறது.

ஒரு ஷிஃப்டில் ஒரு லைனை எத்தனை முறை திறக்கிறோம் என்று மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் போட ஒரு முறை, அது முடிந்ததும் சலைன் ஃப்ளஷ் செய்ய (உப்புநீரால் குழாயை அலச) ஒரு முறை, பொட்டாசியம் தொடங்க, ரத்தம் எடுக்க, எடுத்தபின் மீண்டும் ஃப்ளஷ் செய்ய, இன்ஃப்யூஷன் பம்ப் கத்தியதும் புதிய சிரிஞ்சை மாற்ற என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். லைன் போடுவது ஒரு முறை. ஹப்பைத் திறப்பது 11 நாட்களில் நூறு முறைக்கு மேல் போய்விடும். முதல் செயலுக்குத் தனி டிரேயும் கவுனும் ஒருவர் மேற்பார்வையும் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு கையும், அவசரமும் மட்டுமே இருக்கின்றன.

ஹப்பைத் துடைப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கூர்ந்து கவனிக்கும் வரை. ஆல்கஹால் ஸ்வாபை ஹப்பின் முகத்தில் ஒரு தொடு தொட்டுவிட்டு, ஈரம் காயுமுன்பே சிரிஞ்சைச் செருகுவதுதான் வழக்கமாகக் கண்ணில் பட்டது. செய்யவேண்டியது வேறு. ஸ்வாபால் ஹப்பைச் சுற்றிப் பிடித்து, முகத்தையும் பக்கத் திருகு வரிகளையும், சாத்துக்குடியைப் பிழிவதுபோல் அழுத்தித் திருகித் தேய்க்க வேண்டும். பல பிரிவுகள் இதற்கு 15 விநாடி என்று வரையறுத்திருக்கின்றன. 5 விநாடிக்குக் குறைந்தால் அதைத் துடைத்ததாகவே கணக்கில் கொள்ள முடியாது. பிறகு அது காய வேண்டும். ஆல்கஹால் காயும் நேரமும் கிருமி சாகும் நேரத்தில் சேர்த்தி. ஊதியோ விசிறியோ காயவைத்தால் துடைத்ததன் பயன் போய்விடும்.

ரத்தம் எடுத்தபின் ஹப்பின் திருகு வரியில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த ரத்தம் கிருமிக்கு நல்ல உணவு. அந்தக் கோடு தெரிந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் முனையில் மாட்டியிருக்கும் கனெக்டரையே மாற்றிவிடுங்கள். கழற்றிய மூடியைப் படுக்கை விரிப்பின்மேல் வைத்துவிட்டு மீண்டும் அதையே மாட்டும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த மூடி போன இடம் குப்பைத்தொட்டியாக இருந்திருக்க வேண்டும்.

கிருமி ஒருமுறை குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால் பயோஃபிலிம் என்னும் வழுவழுப்பான படலத்தைத் தன்மீது போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வைக்குள் ஆன்டிபயாடிக் சரியாக எட்டுவதில்லை. பின்னால் மருந்தைக் கூட்டிக்கொடுத்துச் சமாளிக்கலாம் என்பது இந்த விஷயத்தில் நடக்காது.

கேள்வி: லைன் துளையின்மேல் ஒட்டும் டிரஸ்ஸிங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எங்கள் மூத்த செவிலியர் தினமும் மாற்றச் சொல்கிறார். கூடவே ஆன்டிபயாடிக் களிம்பும் தடவச் சொல்கிறார். (செவிலியர் மாணவி)

பதில்: ஒளி ஊடுருவும் படல டிரஸ்ஸிங் என்றால் 7 நாட்களுக்கு ஒருமுறை, காஸ் துணி வைத்து ஒட்டியது என்றால் 2 நாட்களுக்கு ஒருமுறை. ஆனால் ஓரம் கிளம்பிவிட்டாலும், உள்ளே வியர்வையோ ரத்தமோ தேங்கினாலும், அழுக்கானாலும் நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் டிரஸ்ஸிங்கைத் தினமும் பிரித்தால், தோலைத் தினமும் உரித்துப் புண்ணாக்குகிறோம் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. பிரிக்காமலே துளையைத் தினமும் பார்ப்பதற்காகத்தான் அந்தப் படலம் கண்ணாடிபோல் இருக்கிறது. துளையைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், கசிவு, தொட்டால் வலி ஆகியவற்றைத் தேடுங்கள். மாற்றிய தேதியை ஓரத்தில் எழுதிவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த டிரஸ்ஸிங் உங்கள் பிரிவில் இருந்தால் பெரியவர்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

டிரஸ்ஸிங்கை மாற்றும்போது ஆல்கஹாலில் கரைத்த குளோர்ஹெக்சிடினால் முன்னும் பின்னுமாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். ஈரத்தின்மேல் படலத்தை ஒட்டினால் கிருமிநாசினி அதன் வேலையை முடிப்பதில்லை. டிரஸ்ஸிங்கும் மறுநாளே கிளம்பிவிடும். தோலும் எரிந்து சிவக்கும்.

களிம்பு வேண்டாம். ஆன்டிபயாடிக் களிம்பு பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது; மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கிறது. டயாலிசிஸ் கதீட்டர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கேயும் டயாலிசிஸ் பிரிவின் நெறிமுறைப்படிதான். உங்கள் மூத்த செவிலியர் சொல்வது ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான். ஆகவே அவரிடம் வாதாடாமல், பிரிவின் எழுத்துபூர்வமான நெறிமுறையைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: லைன் போடும்போது மருத்துவரின் கையுறை ஸ்டெரைல் இல்லாத இடத்தில் பட்டதைப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அனுபவம் மிக்க மருத்துவரிடம் ஒரு செவிலியர் “நிறுத்துங்கள்” என்று சொல்வது நடக்கிற காரியமா?

பதில்: நடந்திருக்கிறது, அப்படிச் சொன்னதால் தொற்றும் குறைந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைசிகிச்சைத் தீவிரப் பிரிவில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். லைன் போடும்போது பின்பற்ற வேண்டிய விதிகள் எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்தவை. ஆனால் செவிலியர்கள் பக்கத்தில் நின்று கவனித்துக் குறித்தபோது, ஏறத்தாழ 100-க்கு 62 முறைதான் எல்லா விதிகளும் முழுமையாகப் பின்பற்றப்பட்டிருந்தன. அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது. அவசரம் ஒரு காரணம். பொருள்கள் ஒரே இடத்தில் இல்லாதது இன்னொரு காரணம். அதனால் முதலில் லைன் போடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். படிகளைச் சரிபார்க்கும் ஒரு தாளைச் செவிலியர் கையில் கொடுத்தார்கள். ஒரு படி தவறினால், அவசர நிலை அல்லாதபோது, செயலை நிறுத்தும் அதிகாரத்தையும் செவிலியருக்கே கொடுத்தார்கள். 1998-இன் முதல் காலாண்டில் 1000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் இருக்கும் ஒரு நாள், ஒரு கதீட்டர் நாள்) 11.3 ஆக இருந்த தொற்று, 2002-இன் கடைசிக் காலாண்டில் 0 ஆனது.

அதே முறை மிச்சிகன் மாநிலத்துக்கு விரிந்தது. கைகழுவுதல், முழுத் தடுப்பு உடை, குளோர்ஹெக்சிடின், முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்துவிடுதல் என்று ஐந்தே படிகள். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகளோடு 2006-இல் வெளியான முடிவின்படி, சராசரித் தொற்று 1000 கதீட்டர் நாட்களுக்கு 7.7-இலிருந்து, 16 முதல் 18 மாதங்களில் 1.4 ஆக இறங்கியது.

அந்த ஐந்தில் புதிய கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் முன்பே புத்தகத்தில் இருந்தவை. புதிதாக வந்தது, கையில் தாளுடன் நின்ற செவிலியரின் குரலும், அந்தக் குரலுக்குப் பின்னால் நிர்வாகம் நின்றதும்தான். ஆகவே உங்களுக்கு வாய் வராததை உங்கள் துணிச்சல் குறைவாக நான் பார்க்கவில்லை. “செவிலியர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்” என்று துறைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். அது எழுத்திலும் இருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யுமாறு உங்கள் பொறுப்புச் செவிலியரைக் கேளுங்கள். அதுவரை, குற்றம்சாட்டாத ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “சார், வலது கையுறை ரெயிலில் பட்டுவிட்டது, புது ஜோடி பிரித்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டைத் திறந்து நீட்டினால், மறுப்பவரை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை இரண்டு வாரமாகத் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். சிறுநீர் கலங்கலாகவும் நாற்றமாகவும் இருக்கிறது. பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்தும் மருந்து தரவில்லை. அலட்சியமாக இருக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது.

சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் புதிதாகக் கிருமி சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது. ஒரு மாதம் குழாய் இருந்தால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, தொற்று நோய் வருவது வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ வலி, வேறு காரணம் இல்லாத மனக்குழப்பம் போன்ற அறிகுறிகள் இல்லாதபோது, கலங்கலுக்கும் நாற்றத்துக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அன்றைக்குச் சிறுநீர் தெளியலாம். அடுத்த வாரம் அதே இடத்தில் அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வந்து உட்காரலாம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்கள் ஆகியோர் இதற்கு விதிவிலக்கு.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “அப்பாவுக்கு இந்தக் குழாய் இன்று எதற்காக?” என்று கேளுங்கள். மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டிய நிலை, சிறுநீர் அடைப்பு, திறந்த புண்ணில் சிறுநீர் படாமல் காக்க வேண்டிய தேவை ஆகியவை சரியான காரணங்கள். ‘படுக்கையில் இருக்கிறார்’ என்பது மட்டும் காரணம் ஆகாது. காரணம் முடிந்துவிட்டது என்றால் ஆணுறை வடிவில் வெளியே மாட்டும் குழாயையோ, யூரினலையோ, பேடையோ பயன்படுத்தலாம். இதைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பார்க்கப் போகும்போது கண்ணால் கவனிக்கவும் சில உண்டு. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக்கூடாது. குழாய் தொடையில் ஒட்டி நிலைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மடிந்தோ, உடம்புக்கு அடியில் நசுங்கியோ இருக்கக்கூடாது. ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை நான் பலமுறை கண்டு சத்தம் போட்டிருக்கிறேன். அந்தச் சில நிமிடங்களில், பையில் நாள் முழுதும் தேங்கி நின்ற சிறுநீர் மறுபடியும் உள்ளே இறங்கிவிடும். புறப்படுமுன் பையைக் காலி செய்து, டிராலியின் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கவிட்டால் போதும்.

செவிலியர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்ச்சருக்குப் பையிலிருந்து சிறுநீர் எடுக்காதீர்கள். குழாயைப் பிரித்தும் எடுக்காதீர்கள். மாதிரி எடுக்கும் போர்ட்டைத் துடைத்துக் காயவிட்டு அதிலிருந்து எடுங்கள். குழாய் இரண்டு வாரத்துக்கு மேலாக உள்ளே இருந்து, தொற்று என்ற சந்தேகம் உண்மையாகவே எழுந்தால், பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக்குழாயிலிருந்து மாதிரி எடுப்பதே சரி. இல்லாவிட்டால் நோயாளியின் கிருமி என்று நினைத்துக்கொண்டு குழாயின் கிருமிக்கு வைத்தியம் செய்வோம். ஒவ்வொரு நோயாளியின் பையையும் காலி செய்யத் தனித்தனி அளவைப் பாத்திரம் வேண்டும். ஒரே ஜாடியை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவது, கிருமியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம்.

கேள்வி: தொற்று வராமல் இருக்க லைனை 7 நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவிடுவது நல்லதல்லவா?

பதில்: அல்ல. ஒவ்வொரு புது லைனும் ஒரு புதுத் துளை. நுரையீரலில் காற்றுக் கசிவு, ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் ஒவ்வொரு முறையும் திரும்ப வருகின்றன. தேவையான, நன்றாக வேலை செய்கிற லைனை நாள் கணக்கு பார்த்து மாற்ற வேண்டாம். அவசரத்தில் கிருமிநீக்க முறைகளைப் பின்பற்ற முடியாமல் போட்ட லைனை மட்டும் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மருந்தை லைனுக்குக் கொண்டுவரும் இன்ஃப்யூஷன் செட்டுகளின் கணக்கு வேறு: தொடர்ச்சியாக ஓடும் செட்டை 4 நாட்களுக்குள் மாற்ற வேண்டியதில்லை, 7 நாட்களைத் தாண்டவும் விடக்கூடாது, ரத்தமோ கொழுப்புக் கரைசலோ ஏறிய செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். புரோப்போஃபால் கொழுப்பில் கலந்த மயக்க மருந்து என்பதால் கிருமி அதில் வேகமாகப் பெருகும். அதன் செட்டை 6 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் சொல்கிறபடி மாற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் பிரிவில் தொற்று கூடியிருக்கிறது என்று நிர்வாகம் மருந்து பூசிய கதீட்டர்களை வாங்கலாம் என்கிறது. பொறுப்புச் செவிலியரான என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: முதலில் கணக்கைக் கேளுங்கள். “கூடியிருக்கிறது” என்பது எதைவிட? ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், எத்தனை நோயாளிகளுக்குச் சென்ட்ரல் லைன் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டினால் கிடைப்பது கதீட்டர் நாள். தொற்றுகளின் எண்ணிக்கையை அதனால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 250 கதீட்டர் நாட்களும் ஒரு தொற்றும் என்றால் வீதம் 4. அடுத்த மாதம் அதே 250 நாட்களில் இரண்டு தொற்று வந்தால் வீதம் 8. “இரண்டு மடங்கு ஆகிவிட்டது” என்று கூட்டத்தில் மேசையைத் தட்டுவார்கள். சிறிய பிரிவில் ஒரு மாதத்தின் எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஓர் ஆண்டின் போக்கைப் பார்க்க வேண்டும்.

மருந்து பூசிய சென்ட்ரல் லைன்களுக்குப் பயன் உண்டு. ஆனால் அடிப்படைப் பராமரிப்பு ஒழுங்காக நடந்தும் தொற்று இறங்காத இடங்களுக்கு உரியவை அவை. சிறுநீர்க் குழாயைப் பொறுத்தவரை, குறுகிய காலப் பயன்பாட்டுக்கு வெள்ளிப் பூச்சு கொண்ட குழாய்கள் பலன் தரவில்லை என்று பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் நடந்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே நிர்வாகத்திடம் ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அந்த மாதத்தில் ஹப் துடைப்பதை நேரில் பார்த்துக் குறியுங்கள், கிளம்பிய டிரஸ்ஸிங்குகளை எண்ணுங்கள், காலை ரவுண்டில் ஒவ்வொரு லைனுக்கும் “இன்று இது எதற்காக?” என்று சத்தமாகக் கேட்டுப் பதிலைச் சார்ட்டில் எழுதவையுங்கள். “ரத்தம் எடுக்க வசதியாக இருக்கிறது” என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியது உங்களுக்கே கிடைத்துவிடும்.

இன்னொன்றும் துணிந்து எழுதுங்கள்: ஒரு செவிலியர் தலையில் எத்தனை நோயாளிகள் என்பது. ஆள் குறையும்போது முதலில் குறைவது அந்த 15 விநாடிதான். அதை ஈடுகட்டும் பூச்சு எந்தக் கதீட்டரிலும் வருவதில்லை.

கேள்வி: லைன் உள்ள நோயாளிக்குக் காய்ச்சல் வந்ததும் லைனை எடுத்து, அதன் நுனியைக் கல்ச்சருக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். சரியா?

பதில்: வழக்கமாகச் செய்வது சரியில்லை. காய்ச்சலுக்கு நுரையீரல், வயிறு, சிறுநீர், மருந்து என்று வேறு காரணங்கள் ஏராளம். ஆன்டிபயாடிக் தொடங்குமுன், லைனிலிருந்து ஒரு ஜோடியும் கை நரம்பிலிருந்து ஒரு ஜோடியும் ரத்த கல்ச்சர், ஒரே அளவு ரத்தத்துடன், ஒரே நேரத்தில் எடுங்கள். பாட்டிலில் எங்கிருந்து எடுத்தது என்று எழுத மறக்காதீர்கள். லைன் பாட்டிலில் கிருமி கை நரம்புப் பாட்டிலைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக வளர்ந்தால், குற்றவாளி லைன்தான் என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். பெயர் எழுதாத இரண்டு பாட்டில்கள் போனால் இந்த முழு விடையும் தொலைந்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ, துளையில் சீழ் தெரிந்தாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவரை அழைத்து லைனை எடுப்பதைப் பற்றி உடனே பேசுங்கள்.

கேள்வி: கையுறை அணிந்துதான் எல்லாம் செய்கிறோமே, பிறகும் ஏன் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்?

பதில்: கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம், கழற்றும்போதும் கை அழுக்காகிறது. அதைவிடப் பெரிய காரணம், கையுறை நம் கையைக் காப்பாற்றுகிறதே தவிர நோயாளியின் ஹப்பைக் காப்பாற்றுவதில்லை. கையுறையோடு படுக்கை ரெயிலைத் தொட்டு, பம்ப்பின் பொத்தானை அழுத்தி, திரையை இழுத்துவிட்டு, அதே கையுறையோடு லைனைத் திறப்பவர் கையுறை இல்லாதவரைவிட ஆபத்தானவர்; ஏனென்றால் தன் கை சுத்தமாக இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. அணியும் முன்பும், கழற்றிய பின்பும். ஹேண்ட் ரப் பாட்டில் வாசலில் மட்டும் தொங்கினால் யாரும் அவ்வளவு தூரம் நடந்து போக மாட்டார்கள். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒன்றைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.